இன்னைக்குக் காலையில வெட்டின புல்

2015 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள். ஆட்டம் நடந்தது வாஷிங்டன் மாநிலத்தில், சேம்பர்ஸ் பே மைதானத்தில். அங்கே சாயங்காலம் என்றால் எங்கள் பிட்ஸ்பர்க்கில் ராத்திரி ஆகிவிடும். சாப்பாடு முடிந்து அப்பா சோபாவில் உட்கார்ந்திருந்தார், நான் கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

அந்த வருஷம் சேம்பர்ஸ் பேயில் புல் காய்ந்து பழுப்பேறி, திட்டுத் திட்டாகக் கிடந்தது. ஆட வந்தவர்களே முகம் சுளித்தார்கள். பந்தை உருட்டினால் பிராக்கோலி மேல் உருட்டுவது போல இருக்கிறது என்று ஹென்ரிக் ஸ்டென்சன் சொன்னது பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அப்பா மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார். "என்னம்மா இது, நம்ம ஊர் மாதிரி இருக்கு!" என்றார்.

அப்புறம் விளம்பர இடைவேளை. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. நரைத்த தலையும் வெளிர்நீலச் சட்டையுமாக ஒருவர் பந்தை மெல்லத் தட்டுகிறார். அது வளைந்து உருண்டு குழியில் விழுகிறது. பக்கத்தில் மனைவி கைதட்டுகிறார். புல் என்றால் அப்படி ஒரு பச்சை. அப்பா திரையைக் கைகாட்டிச் சொன்னார்: "இது இன்னைக்குக் காலையில வெட்டின புல்லு. பனி காயறதுக்கு முன்னாடியே வெட்டியிருக்காங்க."

"எப்படிப்பா சொல்றீங்க?"

"வரி பாரு. ஒண்ணு வெளுத்திருக்கு, ஒண்ணு கருத்திருக்கு. மெஷின் போற பக்கமாப் புல்லு சாயும். நாலு பேர் நடந்தா மங்கிடும். இங்க இன்னும் யாரும் நடக்கல. அந்த ஓரத்துல பனி அப்படியே நிக்குது பாரு."

அதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தில் அவர் மனிதர் முகத்தைப் பார்க்கவில்லை, மாத்திரைப் பெயரைக் கேட்கவில்லை. விடியற்காலையில் யாரோ செய்துவிட்டுப் போன வேலையைத்தான் பார்த்தார்.

அப்பா 31 வருஷம் கோல்ஃப் மைதானத்தில் மாலியாக, அதாவது தோட்டக்காரராக இருந்தவர். தென் மாவட்டத்தில் ஒரு ஆலைக் குடியிருப்பு. அதிகாரிகள் கிளப்பை ஒட்டி ஒன்பது குழி மைதானம். தண்ணீர் இல்லாத ஊர் என்பதால் குழியைச் சுற்றிப் புல் கிடையாது. அதற்குப் பதில் எண்ணெய் கலந்த மணல். புல்லாக இருந்தால் கிரீன், மணலாக இருந்தால் பிரவுன். வறண்ட ஊர்களில் பழைய மைதானங்கள் பலவும் இப்படித்தான் இருந்தன. பிரவுன் போடுவது அப்பாவின் வேலை. ஆற்று மணலை இரண்டு தடவை சலிப்பார். ஆலை லாரி ஷெட்டில் வடித்த பழைய என்ஜின் எண்ணெய் தகர டின்னில் வந்து இறங்கும். மணலைக் குவித்து நடுவில் குழி பறித்து, எண்ணெயை ஊற்றி, சாந்து குழைப்பது போல மண்வெட்டியால் புரட்டுவார். பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்குவார். கையைத் திறந்தால் உருண்டை உடையக் கூடாது, உள்ளங்கையில் எண்ணெயும் ஒட்டக் கூடாது. எண்ணெய் குறைந்தால் காற்றில் மணல் பறக்கும், கூடினால் பந்து உருளாது. ஒவ்வொரு கூட்டமும் ஆடிவிட்டுப் போனதும், கழி முனையில் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைத்த ஒரு சாதனத்தால் காலடிகளை இழுத்துச் சமமாக்குவார். கடைசியாகப் பழைய கோணிச் சாக்கைக் குழியிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி இழுப்பார். வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் லாரி வாசனைதான் அடிக்கும். கடைசிப் பத்து வருஷம் ஆழ்துளைக் கிணறு போட்டுப் புல்லுக்கு மாறினார்கள். வெட்டுவது, வரி, பனி எல்லாம் அப்போது கற்றுக்கொண்டது.

மத்தியானம் அப்பாவுக்குத் தூக்குவாளி கொண்டுபோவேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கொடுப்பேன். உள்ளே போகக் கூடாது. மைதானம் மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில் மட்டும் அப்பா என்னை உள்ளே விடுவார், பிரவுனில் கால் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இப்போது நான் மருந்தாளுநர். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. அதனால் அந்த மாத்திரை விளம்பரத்தில் எனக்கு வேறு கவனம் இருந்தது. மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே வாங்கக்கூடிய மருந்தைப் பெயர் சொல்லி, பொதுமக்களிடமே நேராக டிவியில் விளம்பரம் செய்ய இடம் கொடுக்கும் நாடுகள் இரண்டே இரண்டு: அமெரிக்காவும் நியூசிலாந்தும். அமெரிக்காவில் இது பெருகியது 1997இல் அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விதிகளைத் தளர்த்திய பிறகுதான். மருந்தின் பெரிய ஆபத்துகளை விளம்பரத்திலேயே வாயால் சொல்லியாக வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியல் ஓடும் நேரத்தில்தான் கோல்ஃப் வரும். உயிருக்கே ஆபத்தாகும் ரத்தக்கசிவு வரலாம், மருந்தைத் திடீரென நிறுத்தினால் பக்கவாதம் வரலாம், முதுகுத்தண்டில் ரத்தம் உறைந்து கால் செயலிழக்கலாம் என்று ஒரு குரல் சீராகச் சொல்லிக்கொண்டே போகும். திரையில் ஒருவர் கோல்ஃப் மட்டையைத் தோள் மேல் சாய்த்துக்கொண்டு நண்பரோடு சிரித்தபடி நடந்து போவார்.

அன்றைக்கு அந்த மாத்திரை மறுபடியும் வந்தபோது அப்பா கேட்டார்: "இது ரத்தம் உறையாம இருக்கத்தானேம்மா? நம்ம மாத்திரைக்குப் பதிலா இதை எடுத்துக்கலாமா?"

அப்பாவுக்குச் சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டுவிட்டது. 2003இல் அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அமைதியான அறையில் பக்கத்தில் உட்கார்ந்தால் கடிகாரம் போல டிக் டிக் என்று கேட்கும். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை, ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்க மாதா மாதம் ஐ.என்.ஆர். பரிசோதனை, முருங்கைக்கீரையை ஒரே நாளில் அள்ளிச் சாப்பிட்டுவிடக் கூடாது என்ற கட்டுப்பாடு. புது மாத்திரைக்கு இந்தப் பரிசோதனையும் இல்லை, கீரைக் கட்டுப்பாடும் இல்லை என்று விளம்பரம் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் அதே விளம்பரத்தில், வால்வுக் கோளாறால் வராத இதயத் துடிப்புக் கோளாறுக்கு மட்டும் என்று ஒரு வரியும் இருந்தது. சொன்னார்கள், நான் கேட்டேன். அப்பாவுக்குப் போய்ச் சேரவில்லை. இந்தப் புது வகையில் ஒரு மருந்தை உலோக வால்வு உள்ளவர்களிடம் சோதித்தபோது ரத்த உறைவும் கசிவும் கூடியதால் 2012இல் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதை எடுத்துச் சொல்லி, "உங்களுக்கு இது ஆகவே ஆகாதுப்பா" என்றேன். "சரிம்மா" என்று விட்டுவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மொழி தெரியாததால் அவருக்குப் புரியவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர்களும் எங்கள் மருந்தகத்தில் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். "கோல்ஃப் ஆடுறவர் வருவாரே, அந்த மாத்திரை" என்றுதான் கேட்கிறார்கள். பந்து குழியில் விழுந்தது ஞாபகம் இருக்கிறது, அப்போது குரல் சொன்னது ஞாபகம் இல்லை.

ஏன் கோல்ஃப் என்று நிறைய யோசித்திருக்கிறேன். எழுபது வயதுக்காரர் ஓடிப் பிடித்து விளையாடுவதாகக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். கோல்ஃப் என்றால் நம்புவார்கள். இடுப்பை முறுக்கிக் கையை வீசி அடிப்பதால் மூட்டு, முதுகு, இதயம் எல்லாம் நன்றாக இருப்பதாக ஒரே வீச்சில் காட்டிவிடலாம். ஓர் ஆட்டத்துக்கு நாலு மணி நேரம் ஆகும், ஆகவே அவருக்கு நேரம் இருக்கிறது, காசு இருக்கிறது, பிள்ளைகள் செட்டில் ஆகிவிட்டார்கள். இத்தனையும் வாய் திறக்காமல் சொல்லியாகிவிடும். அதனால்தான் ஓய்வூதிய நிதி, காப்பீடு, சொகுசு கார் என்று எதற்கு விளம்பரம் எடுத்தாலும் அந்தப் புல்வெளிக்கே வந்து நிற்கிறார்கள். அப்போது புயிக் கார் வாங்கியவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள் என்பதால், இளைஞர்களை இழுக்க 1999 கடைசியில் கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸை ஒப்பந்தம் செய்தார்கள். 2008 வரை அவர் அந்தக் காருக்கு முகமாக இருந்தார். அக்சென்ச்சர் ஆலோசனை நிறுவனமும் 2003 முதல் அவரை வைத்தே விளம்பரம் செய்து, 2009 டிசம்பரில் அவரது சொந்த வாழ்க்கை சந்திக்கு வந்தபோது கைவிட்டது.

இந்த விளம்பரங்களில் பந்து எப்போதும் குழியில் விழும். இதுதான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. அந்த ஜூன் ராத்திரிக்கே வருகிறேன். கடைசிக் குழியில் டஸ்டின் ஜான்சன் ஏறத்தாழ 12 அடி தூரத்தில் நிற்கிறார். ஒரே தட்டில் போட்டால் கோப்பை அவருக்கு. தவறியது. சின்ன தூரம் மிச்சம். அதைப் போட்டால் சமன், மறுநாள் மறுபடி ஆடலாம். அதுவும் ஓரமாக நழுவியது. ஒரே ஒரு தட்டு வித்தியாசத்தில் ஜோர்டன் ஸ்பீத் ஜெயித்தார். அப்பா "அய்யய்யோ" என்று தொடையில் அடித்துக்கொண்டார். உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவருக்கே கைக்கெட்டும் தூரத்தில் தவறும் ஆட்டம் அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறவர் பெரும்பாலும் தவறவிடுவார், தவறவிட்டு மறுவாரம் மறுபடி வருவார். கோல்ஃபில் எனக்குப் பிடித்ததே அதுதான். விளம்பரம் அதைத்தான் முதலில் வெட்டி எறிகிறது.

அப்பாவோடு சேர்ந்து பார்க்கப் பார்க்க வேறு சிலதும் கண்ணில் படத் தொடங்கின. கிரீன் ஓரம் வரை பேட்டரி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள். எந்த மைதானத்திலும் மாலி அதை விட மாட்டார், சக்கரம் ஏறினால் அந்த இடம் தேற நாளாகும். மணல் பள்ளத்திலிருந்து அடித்துவிட்டுக் காலடியை வாராமல் சிரித்துக்கொண்டே போவார்கள். குழியில் கொடிக்கம்பு நிற்கும்போதே பந்தை உருட்டுவார்கள். 2019 ஜனவரியில் விதி மாறும்வரை, கிரீனிலிருந்து உருட்டிய பந்து அந்தக் கம்பில் பட்டால் தண்டமாக இரண்டு தட்டு கணக்கில் கூடும். அப்பாவுக்கு விதி நுணுக்கமெல்லாம் பெரிதில்லை. காலடியை வாராமல் போனதுதான் அவரால் தாங்க முடியவில்லை. "பின்னாடி யார் வந்து இழுப்பாங்கன்னு நெனச்சுப் பார்த்தா போவாங்களா?" என்றார். பின்னால் வந்து இழுக்கிற அந்த ஆளை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. மாலி இல்லை, மட்டைப் பை தூக்கும் கேடி இல்லை. புல் தானாக முளைத்து, தானாக வெட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்தக் கோடையில் இன்னொரு மருந்து விளம்பரமும் ஓடியது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஸரெல்டோ மாத்திரைக்கு மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள்: நகைச்சுவை நடிகர் கெவின் நீலன், கார் பந்தய வீரர் பிரையன் விக்கர்ஸ், எண்பதைத் தாண்டிய கோல்ஃப் வீரர் ஆர்னால்ட் பால்மர். மூவருமே அந்த மருந்தை எடுத்துக்கொண்டவர்கள். கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கல்சனும் இப்படித்தான், 2010இல் தனக்கு வந்த சோரியாட்டிக் மூட்டுவாதத்தைச் சொல்லியே என்பிரல் ஊசிக்கு விளம்பரம் செய்தார். நோயை நடிக்காமல் தன் நோயைச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. "இந்தப் பெரியவர் யாரும்மா?" என்று அப்பா கேட்டார். பால்மர் நம் பக்கத்து ஊர்க்காரர் என்றும், மாலியின் மகன் என்றும் சொன்னேன். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

பால்மரின் ஊரான லட்ரோப்புக்கு எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அடுத்த சனிக்கிழமையே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வாழைப்பழ ஐஸ்கிரீம், அதாவது பனானா ஸ்பிளிட், 1904இல் பிறந்த ஊர் அது. பேரனுக்காக அங்கே ஒரு நிறுத்தம். விமான நிலையத்துக்குப் பால்மர் பெயர் வைத்து, அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள். சிலை முன்னால் நின்று அப்பாவுக்குக் கதை சொன்னேன். பால்மரின் அப்பா டீக்கன் பால்மர், லட்ரோப் கன்ட்ரி கிளப் மைதானம் வெட்டும்போது கூலி வேலைக்குச் சேர்ந்து, பிறகு மைதானத்தையே பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு வந்தவர். போலியோவால் ஒரு கால் ஊனம். வேலைக்காரர் பிள்ளை என்பதால் சிறுவன் ஆர்னால்ட் உறுப்பினர்களோடு ஆட முடியாது, நீச்சல் குளத்தில் இறங்க முடியாது. அவர்கள் வருவதற்கு முன்னாலோ போன பிறகோதான் ஆடலாம். அந்தப் பையன் வளர்ந்து மாஸ்டர்ஸ் போட்டியில் நாலு தடவை ஜெயித்தார். 1971இல் அந்தக் கிளப்பையே விலைக்கு வாங்கினார்.

"வாங்கிட்டாரா? முழுசா?"

"முழுசாப்பா."

அப்பா கொஞ்ச நேரம் சிலையைப் பார்த்தார். "அவங்கப்பா இருந்து பார்த்தாரா?"

"பார்த்தார்ப்பா. 1976லதான் போனார். அஞ்சு வருஷம் இருந்து பார்த்தார்."

அதற்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கிளப் தனியார் இடம், உள்ளே போக முடியாது. சாலையோரமாகக் காரை மெதுவாக ஓட்டினேன். அப்பா ஜன்னலை இறக்கிவிட்டு, மரங்களுக்கு நடுவே தெரிந்த புல்லைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் யூடியூபில் பழைய பென்ஸாயில் விளம்பரங்களைத் தேடி எடுத்துக் காட்டினேன். கோல்ஃபுக்குச் சம்பந்தமே இல்லாத பொருளுக்கு ஒரு கோல்ஃபர் வந்த விளம்பரங்களில் என் மனசுக்கு நெருக்கமானவை இவைதான். என்ஜின் எண்ணெய். பெயரிலேயே பென்சில்வேனியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல வருஷம் அதற்கு முகமாக இருந்தவர் பால்மர். அவரோடு ஒரு பழைய டிராக்டர் வரும். அவர் அப்பா மைதானத்தில் ஓட்டிய டிராக்டர். உலகமே அறிந்த ஆட்டக்காரர், தன் பெருமையைச் சொல்லக் கோப்பையைத் தூக்கிக் காட்டாமல் அப்பாவின் வேலை வண்டியைக் காட்டுகிறார். காசு வாங்கித்தான் செய்தார், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் புல்லை ஒருவர் வண்டியில் உட்கார்ந்து வெட்டினார், அந்த வண்டிக்கு எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது, அவருக்கு ஒரு பையன் இருந்தான் என்பதெல்லாம் அந்த விளம்பரத்தில் இருக்கிறது. நான் பார்த்த வேறு எதிலும் இல்லை.

ஆபத்துப் பட்டியலைச் சொல்லும் நேரத்தில் கவனத்தைக் கலைக்கும் படமோ ஓசையோ இருக்கக் கூடாது என்று எஃப்.டி.ஏ. இப்போது விதி கொண்டுவந்திருக்கிறது. 2024 நவம்பரிலிருந்து எல்லாரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். மருந்தாளுநராக எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். மருந்தகத்துக்கு வரும் பெரியவர்களிடம், "அந்த விளம்பரம் வந்தா ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க" என்று நான் சொல்வது இன்னும் நிற்கவில்லை.

அப்பா அன்று டிராக்டர் விளம்பரத்தை மூன்று தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை முடிந்ததும் கேட்டார்:

"இந்த வண்டில எண்ணெய் மாத்துறப்போ வடியிற பழைய எண்ணெயை என்ன பண்ணுவாங்கம்மா?"

"தெரியலப்பா. இங்க எல்லாம் கடையில திருப்பி வாங்கிப்பாங்க."

"அவங்களுக்குத்தான் புல்லு இருக்கே" என்றார் அப்பா. "ஒரு டின்னு இருந்தா ரெண்டு பிரவுன் போடலாம்."